ஆளில்லாத படம் தேடி வருவோருக்கு

மன்னார்த் தீவுக்குக் கூடாரமும் முக்காலியும் தூக்கி வந்து, மாசியில் மூன்று இரவு தங்கிப்போன பதினொரு பேருக்கும், உங்கள் படங்களைப் பார்த்துவிட்டு இனி வரப்போகும் குழுக்களுக்கும்,



நீங்கள் அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு. ஒளி அளவாக விழுந்திருக்கிறது, அடிவானம் ஒரு இடத்திலும் சரியவில்லை. உப்புத் தரவையில் விடியற்காலை நீலத்தைப் பிடித்திருக்கிறீர்களே, அது எனக்கு இந்த வயதுவரை வாய்க்காத படம். ஆனால் நாற்பத்திரண்டிலும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு ஆளைக் காணவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மன்னார் ரவுனில் ஸ்ரூடியோ வைத்திருந்தவன். முதல் நன்மைப் படம், கலியாணப் படம், செத்தவீட்டுப் படம் என்று எல்லாம் எடுத்தாலும், வயிற்றைக் கழுவியது அடையாள அட்டைப் படம்தான். சோதனைச் சாவடி இருந்த காலத்தில் முகம் தெளிவில்லாத அட்டை வைத்திருந்தவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். “நாடியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கோ, காது ரெண்டும் தெரிய வேணும்” என்று எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்! ஆளைப் பெட்டிக்குள் ஒழுங்காக இருத்துவது என் தொழில். நீங்களோ ஆள் விலகும்வரை காத்திருந்து படம் எடுக்கிறீர்கள். பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை, “தம்பியவை, ஒரு ரெண்டு நிமிசம்” என்று நீங்கள் ஒதுக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த மரத்திலிருந்தே தொடங்குகிறேன். அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட இனம் என்று பரவலாகச் சொல்லப்படுகிற மரம் அது. அடியைச் சுற்றி அளந்தால் 19 மீற்றருக்கு மேல் வரும், உயரமோ 8 மீற்றர்கூட இல்லை. பருத்துக் குந்தியிருக்கிற கிழவி மாதிரி ஒரு மரம். பிள்ளைகளை விலத்திவிட்டு நீங்கள் எடுத்த படத்தில் அது ஒரு பற்றை மாதிரி இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் என்று உங்கள் படத்தைப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறான கூத்து அரிப்பில் நடந்தது. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அங்கே இடிந்து நிற்கிறது. ஊர்ச்சனம் அதை அல்லிராணி கோட்டை என்று சொல்லும். அது நிற்கிற மேட்டைக் கடல் கீழிருந்து தின்றுகொண்டு வருகிறது. மழைத்தண்ணீர் ஓடி அறுத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன வெட்டுகள். கனடாவிலிருந்து வந்த தம்பி குப்புறப் படுத்து, கமராவை மண்ணோடு வைத்து, வைட் லென்ஸில் ஒரு படம் எடுத்துக் காட்டினான். அமெரிக்கப் பாலைவனத்துப் பள்ளத்தாக்கேதான்! ஆயிரம் அடி ஆழம் சொல்லலாம். ஒரேயொரு குறை, மூலையில் என்னுடைய செருப்பு விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம். அவன் செருப்பை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டான். நான் அவனிடமிருந்து செருப்புள்ள படத்தைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் பொய் இல்லை.

அந்தத் தம்பி இரவு கூடாரத்துக்கு முன்னால் இருந்து, அமெரிக்காவில் தான் தங்கிய கன்யன் பூங்காக்களைப் போனில் காட்டினான். “அங்கிள், அங்க மனுசரே இல்ல, அதுதான் அழகு” என்றான். அவன் சொன்னதைப் பிறகு நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். அரிசோனாவில் கன்யன் டி ஷேய் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் பாறைச் சுவரில் பழைய குடிகள் கட்டிய ‘வெள்ளை வீடு’ என்ற இடிபாட்டை ரிமோதி ஓ’சலிவன் 1873இல் படம் எடுத்தார். ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து அன்சல் அடம்ஸ் அநேகமாக அதே இடத்தில் நின்று அதையே எடுத்தார். இரண்டும் உலகப் புகழ்பெற்ற படங்கள். ஓ’சலிவன் வருவதற்கு ஒன்பது வருடம் முந்தி, 1864இல், அங்கே குடியிருந்த நவஹோ மக்களை அமெரிக்கப் படை அடித்துத் துரத்தியது. அவர்கள் வளர்த்த பீச் மரத் தோட்டங்களை வெட்டிச் சரித்தது. 1868இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். 1931இல் அரசு அதைத் தேசியச் சின்னமாக்கியபோதும் நிலம் நவஹோக்களுடையதாகவே இருந்தது. இன்றைக்கும் பள்ளத்தாக்கின் அடியில் குடும்பங்கள் சோளம் விதைக்கின்றன. வெளியாட்கள் கீழே இறங்குவதென்றால் நவஹோ வழிகாட்டி ஒருவர் கூட வரவேண்டும்.

துரத்தப்படுவதும் மரங்களை இழப்பதும் வருடக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவதும் எங்களுக்குப் புதிய கதையா? படித்து முடித்ததும் அந்தப் பள்ளத்தாக்கு ஏதோ பேசாலைக்கு அங்கால் இருக்கிறது மாதிரி எனக்குப் பட்டது.

இனி, உங்கள் படங்களில் மூன்றை எடுத்து வைத்துப் பேசுகிறேன். குறை பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படத்துக்குப் பின்பக்கம் பேனையால் பெயர் எழுதி வைக்கிற ஸ்ரூடியோப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலாவது, கூரையில்லாத வீட்டின் யன்னலுக்குள்ளால் வானம் தெரிகிற படம். ‘கைவிடப்பட்டது’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை முழுதாக வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். அதே வருடம் தமிழ்ச் சனம் குண்டுக்குப் பயந்து மடுக் கோயிலுக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஓடியது. திரும்பி வந்தவர்கள் உண்டு, புத்தளத்திலேயே வேர்விட்டுப் போனவர்களும் உண்டு. கைவிடுவதற்கு ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கவேண்டும். அந்த வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. நீங்கள் சாய்ந்து நின்ற சுவரில் அடுப்புப் புகை படிந்த கறுப்பு இன்னும் இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். வலப்பக்கத்தில், கதவுநிலைக்குக் கிட்ட.

இரண்டாவது, தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்கு நடுவில் படுத்திருக்கிற வெள்ளை மணல் திட்டு. இராமர் அணை, ஆதாம் பாலம், எந்தப் பெயரிலும் சொல்லுங்கள். 2015இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1914இல் கப்பல் ஓடத் தொடங்கி, கொழும்பில் ரெயில் ஏறியவன் தலைமன்னார் பியரில் இறங்கிக் கப்பல் மாறிச் சென்னைவரை போன பாதை அது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போனது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைக் கடந்தவர்கள் அநேகம்பேர் இரவில் கடந்தவர்கள். படகோட்டி திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான், விடிந்து யாராவது காணும்வரை மணலில் இருக்கவேண்டும். போர்க்காலக் கதை மட்டுமென்று நினைக்காதீர்கள். 2022 மார்ச்சில், நாட்டில் எண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற நாட்களில், குழந்தைகளோடு ஆறு பேர் அப்படித்தான் ஒரு திட்டில் காத்திருந்தார்கள். இந்தியக் கடலோரக் காவற்படை வந்து ஏற்றியது. உங்கள் படத்தில் அந்த மணல், அலை தொட்ட கோடு தவிர வேறு அடையாளம் இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. காற்று ஒரே இரவில் காலடியை அழித்துவிடும். எங்கள் மணலின் குணம் அது.

மூன்றாவது படத்தை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. இருந்தாலும் அதைத்தான் அதிகம் நினைக்கிறேன். இரண்டாம் நாள் விடிய, வங்காலைப் பக்கம். சரணாலயமாக 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிய ஈரநிலம் அது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக்கிச் சேற்றுத் தண்ணீரை வடித்துத் தின்றுகொண்டு நின்றன. உங்களில் ஒருவர் ட்ரோனை எழுப்பினார். முதலில் ஒரு ஓரத்துப் பறவைகள் கழுத்தை நீட்டின. பிறகு முழுக் கூட்டமும் தண்ணீரில் தத்தித் தத்தி ஓடி எழும்பியது. செட்டைக்கு உட்புறச் சிவப்பு ஒரேயடியாக விரிந்ததைக் கண்டு நீங்கள் கைதட்டினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு கணம் மூச்சு நின்றது. ஆனால் அவை அங்கே வந்தது தின்று கொழுக்க. கட்ச் பாலைவனத்து உப்புச் சேற்றில் கூடு கட்டுகிற இனம் அது. திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்பு வேண்டும். ஒவ்வொரு தரம் வெருட்டி எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் எரிகிறது. அன்று எழும்பினவை மன்னார்ப் பாலத்துக்கு மற்றப் பக்கம் போய் இறங்கின, அங்கேயும் ஒரு வான் நின்றது.

நான் வாய் திறக்காமல் நின்றேன். விருந்தாளிகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அது என் பிழை, இந்தக் கடிதத்தில் அதைத் தீர்க்கிறேன். ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிந்து அனுமதி எடுக்கவேண்டும். சரணாலயத்துக்கு மேல் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்கவேண்டும். அனுமதி கிடைத்தாலும் பறவைக்கு மேல் விடாதீர்கள். றோட்டோரம் வாகனத்துக்குள்ளேயே இருந்து ஒரு மணித்தியாலம் பொறுத்தால் அவை தாங்களாகக் கிட்ட வரும். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு நிலக்காட்சி எதற்கு?

திட்டிக்கொண்டே போனால் வரமாட்டீர்கள். ஆகவே, வரும்போது உதவக்கூடிய சிலதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரவு உங்கள் கூடாரம் மூன்று காற்றில் பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கம்பி முளை எங்கள் மணலில் நிற்காது. பக்கத்து மீன்வாடிக்காரர் வந்து செய்து காட்டினாரே, பனை மட்டைத் துண்டொன்றில் கயிற்றின் நுனியைக் கட்டி, முழ ஆழத்துக்குக் கிடங்கு தோண்டி, மட்டையைக் குறுக்கே படுக்கவைத்து மூடி, மேலே ஏறி மிதித்தார். பிறகு இழுத்துப் பார்த்தீர்கள், அசையவில்லை. அதுதான் முறை. ஆனால் அதை நம்பி வைகாசியில் வராதீர்கள். சோளகம் எழும்பினால் மட்டையையும் பிடுங்கும். அந்தக் காற்றை நம்பித்தான் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளை 2020இல் நிறுவினார்கள். நீங்கள் அவற்றைப் படத்தில் விழாமல் ஒதுக்கப் பட்ட பாடு பார்க்கப் பாவமாக இருந்தது. ஒதுக்க வேண்டாம், எடுங்கள். இன்னும் காற்றாலை வேண்டாம், கனிய மணல் அகழவும் வேண்டாம் என்று 2025இல் இந்த ஊர்ச்சனம் றோட்டில் இறங்கியது. காற்றாலை இல்லாத மன்னார்ப் படம் இனி ஒரு பழைய படம்.

குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள். தீவின் நல்ல தண்ணீர் மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய பாடாக மிதக்கிறது. கூட அள்ளினால் கிணறு உவர்த்துவிடும், பிறகு பத்து வீட்டுக்குக் கரைச்சல். ஷொப்பிங் பைகளை விட்டுப் போகாதீர்கள், கழுதைகள் தின்கின்றன. கரைவலை விரித்துக் கிடந்தால் குறுக்கே காலை வைக்காமல் சுற்றிப் போங்கள். ஆளில்லாத வாடி கண்டால் உள்ளே போய்ச் சட்டி பானையை நகர்த்திப் ‘பாழடைந்த குடிசை’ ஆக்காதீர்கள். இங்கே சில குடும்பங்கள் காற்றோடு கரை மாறுகின்றன, வாடையில் ஒரு பக்கம், சோளகத்தில் மற்றப் பக்கம். போனவர்கள் வருவார்கள். பெருநிலப் பக்கம் பற்றைக்குள் சிவப்புப் பலகை கண்டால், எவ்வளவு நல்ல ஒளி என்றாலும், அதைத் தாண்டாதீர்கள். கண்ணிவெடிக்கு வெளிச்சம் தெரியாது. தலைமன்னார் நுனிக்குப் போவதென்றால் கடற்படையைக் கேட்டுத்தான் போகவேண்டும், முதல்நாளே கேட்டு வையுங்கள்.

கடைசியாக அந்தச் சனிக்கிழமை இரவு.

வடகரையில் முக்காலிகளை வரிசையாக நட்டுவிட்டு நின்றீர்கள். நிலவில்லை. இருபத்தைந்து விநாடி திறந்து வைத்து எடுத்த படத்தில் மேலே வெள்ளிகள் கொட்டிக் கிடக்க, கீழே அடிவானம் முழுக்க ஒளிப்பொட்டுகள் கோத்த ஒரு மாலை. “அங்கிள், கடலுக்குள்ள ஒரு சிற்றி இருக்கிறமாதிரிக் கிடக்கு” என்று உங்களில் ஒரு தங்கச்சி சொன்னார். வாடிக்காரர் பின்னால் வந்து நின்று, கமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“பதினேழு” என்றார். “இண்டைக்கு வலை விட்டிருந்தா நாளைக்குக் கயிறுதான் மிச்சம்.”

அவை இந்திய றோலர்கள். திங்கள், புதன், சனி என்று கிழமையில் மூன்று நாள் வருகிற இழுவைப் படகுகள். இழுவை மடி கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும், குறுக்கே கிடக்கிற எங்கள் சின்ன வலைகளையும் அறுத்துக்கொண்டு போகும். இலங்கையில் 2017இல் சட்டம் போட்டு இழுவை மடியைத் தடுத்தார்கள், எல்லைக்கு அங்காலிருந்து வருவது நின்றபாடில்லை. வருகிறவனும் தமிழன், கூலிக்கும் கடனுக்கும் கடலில் நிற்கிறவன். அதை எழுதுவதென்றால் இன்னொரு கடிதம் வேண்டும். இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். ஒருவர் மட்டும்தான் அதை வாசித்தார்.

அதற்கு அடுத்ததாக எடுத்த படம் பழுதாய்ப் போனது என்று தங்கச்சி அழிக்கப் பார்த்தார். நான்தான் கேட்டு வாங்கினேன். கரையோரமாக, படத்தின் இடது ஓரத்திலிருந்து நடுவரைக்கும், ஒரு மஞ்சள் கீற்று நெளிந்து நெளிந்து போகிறது. எண்ணி முடித்த பிறகு வாடிக்காரர் ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளத்தின் கயிற்றைப் பார்க்கப் போனார். இருபத்தைந்து விநாடிக்குள் அவர் உடம்பு கமராவில் பதியவில்லை, அவர் கொண்டுபோன வெளிச்சம் மட்டும் பதிந்துவிட்டது.

போன கிழமை அதைப் பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டு, வாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார். வெள்ளிகளைப் பார்க்கவில்லை. மேலே அடிவானத்தில் றோலர்களை இன்னொரு தரம் எண்ணினார். பிறகு கீழே வந்து, அந்த மஞ்சள் கீற்றில் விரலை வைத்துத் தொடங்கின இடத்திலிருந்து முடிந்த இடம்வரை இழுத்துக்கொண்டு போனார்.

“இது நான் எல்லே” என்றார்.

இப்போது அது வாடியில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்த மாசியில் வரும்போது வந்து பாருங்கள். தேத்தண்ணி தருவார்.

அன்புடன்,
மன்னாரிலிருந்து ஒரு பழைய ஸ்ரூடியோக்காரன்